பதினான்கு வயது மகளுக்கு எந்தச் சிறு நாய் பொருந்தும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். பதினான்கு வயது மகள் இரண்டு ஆண்டுகளாக ஒரு சிறு நாய் வேண்டும் என்று கேட்டு வருகிறாள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள்; வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. மகளின் மனம் பொமரேனியன் மீது நிற்கிறது, தந்தைக்குச் சாதுவாகத் தெரியும், தட்டை முகமுள்ள பக் பிடித்திருக்கிறது, முடி உதிராத நாயாக இருந்தால் போதும் என்பது தாயின் எண்ணம். பல ஆண்டுகளாக நாய்களுக்கும் அவற்றை வளர்க்கும் குடும்பங்களுக்கும் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, இரண்டு வயதைக் கடந்த, குணம் தெரிந்த, ஐந்து முதல் எட்டு கிலோ எடையுள்ள ஒரு வளர்ந்த நாயை. அது கலப்பினமாக இருந்தாலும் குறையில்லை. குட்டியாகத்தான் வேண்டும், இனமும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்றால் மினியேச்சர் பூடில். பொமரேனியன் சில நிபந்தனைகளோடு சரி. பக் வேண்டாம் என்பதை மட்டும் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இந்த முடிவுக்கு நான் வந்த வழியை விளக்க ஓர் எளிய கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். சிறு இன நாய்கள் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள் வாழ்கின்றன. நன்றாகப் பராமரிக்கப்பட்ட சில நாய்கள் அதற்கு மேலும் வாழ்வதுண்டு. இன்று ஒரு குட்டி வீட்டுக்கு வந்தால், அது தன் நடுவயதைத் தொடும் முன்பே உங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போயிருப்பாள். அதன் முதுமையில் அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது ஆகியிருக்கும், வேறு ஊரில் வேலையிலோ வேறு வீட்டிலோ இருக்கக்கூடும். அதாவது நாயின் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மகளின் பொறுப்பில் கழியும், மீதி முழுவதும் உங்கள் பொறுப்பில் கழியும். ஆகவே ‘மகளுக்கு எந்த நாய்’ என்ற கேள்வியோடு, ‘மகள் வெளியூர் போன பிறகு நாங்கள் இருவரும் எந்த நாயோடு பத்து ஆண்டுகள் மகிழ்ச்சியாக இருப்போம்’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் கிடைக்கும் நாயைத்தான் கொண்டுவர வேண்டும். அப்படிக் கேட்டுக்கொள்ளாத வீடுகளிலிருந்து, ஆறேழு வயதான, எந்தக் குற்றமும் செய்யாத நாய்கள் காப்பகங்களுக்கு வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். மகள் அழுதுகொண்டே விட்டுச்செல்வாள், நாய் பல நாட்கள் கதவைப் பார்த்தபடியே படுத்திருக்கும்.

அடுத்து உங்கள் மகளின் ஒரு நாளை நேர்மையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். பள்ளி, தனிப்பயிற்சி, வீட்டுப்பாடம், தோழிகள், தேர்வுக் காலம் ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகு அன்றாடம் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது? பதின்ம வயதில் இரவு தாமதமாகத் தூக்கம் வருவதும் காலையில் எழ முடியாமல் போவதும் உடலின் இயல்பே, அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாய்க்குக் காலையில் வெளியே போயாக வேண்டும். குட்டியாக இருந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. ஒரு குட்டி எத்தனை மாத வயதோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையிலான மணி நேரம்தான் அதனால் சிறுநீரை அடக்க முடியும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு; இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்பதே அதிகம். சிறு இனக் குட்டிகளின் சிறுநீர்ப்பையும் சிறியது என்பதால் அவற்றுக்கு அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பூட்டப்பட்டு மாலை நான்கு மணிக்குத் திறக்கப்படும் வீட்டில் இரண்டு மாதக் குட்டியை வைத்தால், அது வீட்டுக்குள்ளேயே கழிக்கப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவது மிகவும் கடினம். முதல் இரண்டு மாதங்களுக்குப் பெற்றோரில் ஒருவர் விடுப்பிலோ வீட்டிலிருந்தபடியே வேலையிலோ இருக்க முடியுமானால் மட்டும் குட்டியைப் பற்றி யோசியுங்கள்.

இனி, ஓர் இனத்தின் பெயர் நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பார்ப்போம். நாய் தேர்வில் நான் காணும் பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ‘இந்த இனம் பாசமானது, அந்த இனம் கோபம் மிகுந்தது’ என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். 2022ஆம் ஆண்டு சயின்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் அளித்த விவரங்களையும், அவற்றில் ஒரு பகுதியின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்பது அதன் முடிவு. ஓடிப் பிடித்துக் கொண்டுவருவது, ஊளையிடுவது போன்ற சில பண்புகளில் இனத்தின் கை ஓங்கியிருக்கிறது. எளிதில் சினப்படுவதா இல்லையா என்பதில் இனம் சொல்வது மிகக் குறைவு. ஆகவே இனத்தின் பெயரைக் கொண்டு உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடியவை உருவ அளவு, முடியின் தன்மை, மூக்கின் நீளம், வரக்கூடிய பரம்பரை நோய்கள், முன்னோர் என்ன வேலைக்காக வளர்க்கப்பட்டனர் என்பன. குணத்தைத் தெரிந்துகொள்ள, அந்தக் குறிப்பிட்ட நாயை நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பக் இனத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனெனில் அங்குதான் உங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு வரும். ஆறு முதல் எட்டு கிலோ எடை, குறைவான குரைப்பு, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் இயல்பு, சிறு வீட்டிலும் நிறைவாக இருக்கும் பழக்கம் ஆகியவற்றைப் பார்த்தால் பதின்ம வயதினருக்கென்றே படைக்கப்பட்டது போலத் தோன்றும். ஆனால் அதன் முகத் தோற்றத்துக்காகப் பல தலைமுறைகளாக மண்டையோட்டை மட்டும் சுருக்கி வந்திருக்கிறார்கள்; மூக்கின் உள்திசுவும் மேலண்ணத்தின் மென்பகுதியும் அதே விகிதத்தில் சுருங்கவில்லை. இதனால் மூக்குத் துளைகள் இடுங்கி, தொண்டையில் காற்றுப் பாதை அடைபடுகிறது. நாய்கள் மனிதர்களைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, மூச்சிரைப்பதன் மூலமே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றன. மூச்சுக்குழலே குறுகலாக இருக்கும் நாய் வெயிலில் அரை மணி நேரம் ஓடினால், வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் மயங்கி விழலாம், இறந்தும் போகலாம். லண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டுக் காலத்தில் ஏதேனும் ஒரு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு பிற நாய்களைவிடப் பக் இனத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது. துருத்திய விழிகளில் புண், முக மடிப்புகளில் தொற்று, உடற்பருமன் ஆகியவற்றையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அது ‘குறட்டை விட்டுத் தூங்குகிறது’ என்று ரசிக்கப்படும் காட்சியில் பெரும்பாலும் அந்த விலங்கு காற்றுக்காகப் போராடிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்ச் புல்டாக் இனத்துக்கும் இதே சொற்கள் பொருந்தும். ஒரு பதினான்கு வயதுப் பெண் தன் நாயோடு ஓட விரும்புவாள். ஓட முடியாத நாயை அவளுக்குக் கொடுத்து, ஓட வைத்தால் ஆபத்து என்று எச்சரிக்கும் நிலையை நாமே ஏன் உருவாக்க வேண்டும்?

பொமரேனியன் இதிலிருந்து வேறுபட்டது. பால்டிக் கடலோரப் பகுதியான பொமரேனியாவின் பெயரைத் தாங்கிய இந்த நாயின் முன்னோர்கள் இன்றைய உருவத்தைவிடப் பெரியவை. பனி நாட்டு ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் விக்டோரியா அரசி சிறிய உருவம் கொண்டவற்றை விரும்பி வளர்த்த பிறகே சிறு பொமரேனியன் பரவலாயிற்று. இப்போது அமெரிக்கத் தர வரையறையின்படி அதன் எடை 1.4 முதல் 3.2 கிலோ மட்டுமே, ஆனால் எச்சரிக்கைக் குரலும் துணிச்சலும் பெரிய நாய்க்குரியவை. மின்தூக்கி திறக்கும் ஒலி, அண்டை வீட்டு மணி, படிக்கட்டில் காலடி என எல்லாவற்றுக்கும் அது அறிவிப்புக் கொடுக்கும். முதல் நாளிலிருந்தே ‘போதும்’ என்ற சொல்லுக்கு நிறுத்தி, நிறுத்தியதற்குப் பரிசு பெறும் பழக்கத்தைக் கற்பித்தால் இது கட்டுக்குள் இருக்கும். கற்பிக்காவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் மனக்கசப்பு வளரும். இரட்டை அடுக்கு முடி என்பதால் ஆண்டுக்கு இருமுறை கொத்துக் கொத்தாக உதிரும். வாரம் இரண்டு மூன்று முறை அடிமுடி வரை சீவ வேண்டும். அழகுக்காக அதை ஒட்ட வெட்டிவிடக் கூடாது, சில நாய்களுக்குப் பிறகு முடி சரியாக வளராமலேயே போய்விடுகிறது. இவற்றோடு முழங்கால் சில்லு நழுவுதல், மூச்சுக்குழல் தளர்ந்து மடிதல் ஆகிய இரண்டும் இந்த இனத்தில் அடிக்கடி வருபவை. கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி இழுத்தால் மூச்சுக்குழல் பாதிப்பு மோசமாகும். ஹார்னஸ் எனப்படும் மார்புப்பட்டையையே பயன்படுத்த வேண்டும். அமைதியாகப் பழகத் தெரிந்த, அன்றாடம் சீவவும் பயிற்சி அளிக்கவும் மனமுள்ள பெண்ணுக்குப் பொமரேனியன் நல்ல துணை. தாய் எதிர்பார்க்கும் ‘முடி உதிராத நாய்’ மட்டும் அதில் கிடைக்காது.

பூடில் என்றதும் கண்காட்சிகளில் உருண்டை உருண்டையாக முடி வெட்டிக்கொண்டு நிற்கும் நாய்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதனால் ஒதுக்கியும் விடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நீர்நிலையில் சுடப்பட்ட பறவைகளை நீந்திச் சென்று எடுத்துவரும் வேலைக்கு வளர்க்கப்பட்ட நாய் அது; அந்த விசித்திரமான முடிவெட்டே, நீந்தும்போது பாரம் குறையவும் மூட்டுகளும் மார்பும் குளிராமல் இருக்கவும் தோன்றியது என்பார்கள். சாதாரணமாக ஒட்ட வெட்டிவிட்டால் எந்தப் பகட்டும் இல்லாத, கூரிய பார்வையுள்ள, கற்றுக்கொள்ளத் துடிக்கும் நாயைக் காண்பீர்கள். பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் வரையறையில் தோள் உயரம் 28 செ.மீ. வரை உள்ளது டாய் பூடில், அதற்கு மேல் 35 செ.மீ. வரை உள்ளது மினியேச்சர். நான் மினியேச்சரை விரும்புவதற்குக் காரணம், அது மடியில் தூக்கிவைக்கும் அளவுக்குச் சிறியது, ஆனால் சோபாவிலிருந்து குதித்தால் கால் ஒடிந்துவிடும் அளவுக்கு மெலிந்ததல்ல. புதிதாக ஒன்றைக் கற்பிக்கும்போது ஐந்தாறு முறையிலேயே அது பிடித்துக்கொள்வதைப் பார்க்கும் பதின்ம வயதினருக்கு அடுத்ததைக் கற்பிக்கும் ஆர்வம் தானாக வருகிறது. பூடிலை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே தலையாய காரணம். மூன்று மாதங்களில் சலித்துப்போகும் வயதில், ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்றைச் செய்துகாட்டும் நாய் மகளின் ஈடுபாட்டைத் தக்கவைக்கும். குறையும் உண்டு. முடி உதிராமல் வளர்ந்துகொண்டே இருப்பதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். இடையில் சீவாமல் விட்டால் சிக்கிக் கட்டியாகித் தோலை இழுத்து வலியைத் தரும். முடிவெட்டுச் செலவு வாழ்நாள் முழுவதும் தொடரும். தனிமையைத் தாங்கும் திறனும் அதற்குக் குறைவு. விழித்திரை படிப்படியாகச் சிதையும் பரம்பரை நோய் இந்த இனத்தில் இருப்பதால், தாய் தந்தை நாய்களுக்கு அதற்கான மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

ஷி ட்சு, மால்டீஸ், பீஷோன் ஃப்ரீஸே, ஹவனீஸ் ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இவை மடியில் இருப்பதற்காகவே வளர்க்கப்பட்டவை, முடி அதிகம் உதிராதவை, அன்றாடம் சீவ வேண்டியவை. இவற்றில் ஷி ட்சுவுக்கும் மூக்கு குட்டைதான் என்பதால், அதைத் தேர்ந்தெடுத்தால் முகம் சற்று நீண்டு, மூக்குத் துளைகள் நன்றாகத் திறந்திருக்கும் குட்டியாகப் பாருங்கள். பீஷோனும் ஹவனீஸும் என் பார்வையில் பூடிலுக்கு அடுத்த இடத்தில் நிற்பவை.

கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலைப் பற்றிப் பேசும்போது மனம் கனக்கிறது. பதின்ம வயதினருக்கு உகந்த சிறு நாயைக் குணத்தால் மட்டும் தேர்ந்தெடுப்பதானால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதே இல்லை. அந்நியரையும் நண்பராகக் கொள்ளும், ஓடவும் செய்யும், மடியில் உறங்கவும் செய்யும். ஆனால் இதயத்தின் ஈரிதழ் வால்வு சிதையும் நோய் இந்த இனத்தை இளம் வயதிலேயே பிடிக்கிறது. பத்து வயதை எட்டும் கவலியர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்கிறது. மூளைக்குப் போதுமான இடமில்லாத மண்டையோட்டால் தண்டுவடத்தில் நீர்க்குழி உண்டாகி, தொடக்கூட முடியாத வலியால் துடிக்கும் நாய்களும் உண்டு. 2023இல் நார்வே நாட்டின் உச்ச நீதிமன்றம், இந்த இனத்தை இப்போதுள்ள வழியில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்தை மீறுவதாகும் என்று தீர்ப்பளிக்கும் அளவுக்கு நிலைமை சென்றிருக்கிறது. ஏற்கெனவே வளர்ந்து, வீடு தேடும் ஒரு கவலியரை, அதன் இதயச் சோதனை முடிவைத் தெரிந்துகொண்டு ஏற்பது அன்பான செயல். குட்டி வாங்க மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

வேலைக்காகப் பிறந்த சிறு நாய்கள் தனி வகை. டாக்ஸ்ஹண்ட் என்ற ஜெர்மன் பெயருக்கே வளைக்கரடி நாய் என்பதுதான் பொருள். வளைக்குள் புகுந்து விலங்கை எதிர்கொள்ள வேண்டியிருந்ததால் நீண்ட உடலும் குட்டைக் காலும், தானே முடிவெடுக்கும் பிடிவாதமும் அதற்கு அமைந்தன. அந்த நீண்ட முதுகில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று என்ற அளவில் தண்டுவட வட்டு நழுவும் நோய் வருகிறது, பின்கால்கள் செயலிழக்கவும் கூடும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் சாய்தளம் வைத்து, எடையைக் கட்டுக்குள் வைத்து, முதுகையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தாங்கித் தூக்கும் ஒழுங்குள்ள வீட்டுக்கே அது பொருந்தும். ஜாக் ரஸ்ஸல் டெரியர் நரி வேட்டைக்காக உருவாக்கப்பட்டது. அதன் உருவம் சிறியதே தவிர ஆற்றல் சிறியதல்ல. அன்றாடம் ஓடிப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீராங்கனையாக உங்கள் மகள் இருந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம். பீகிள் சற்றுப் பெரியது, பத்து கிலோ அளவுக்கு வரும், குழந்தைகளிடம் பொறுமையானது. ஆனால் ஒரு வாசனை கிடைத்துவிட்டால் காது கேட்காதது போல் அதன் பின்னாலேயே போய்விடும்; தனித்திருக்கும்போது அது எழுப்பும் நீண்ட ஊளை நான்கு மாடிகளுக்குக் கேட்கும்.

சிவாவாவும் அதைப் போன்ற மிகச் சிறிய நாய்களும் பதின்ம வயதினருக்கு ஏற்றவை என்று பலர் எண்ணுவது தவறு. இரண்டு கிலோ எடையுள்ள நாயின் முன்கால் எலும்பு பென்சிலைவிட மெல்லியது. கையிலிருந்து நழுவினாலே ஒடிந்துவிடும். வீட்டுக்கு வரும் நண்பர் கூட்டம் அதைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கும்போது, அது உறுமத் தொடங்கும். உறுமலைக் கண்டு எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே தூக்குவதை நிறுத்தாததால் அது கடிக்கக் கற்றுக்கொள்ளும். சிறு நாய்கள் கோபம் மிகுந்தவை என்ற பெயர் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பெரிய நாய் உறுமினால் பின்வாங்கும் நாம் சிறு நாய் உறுமினால் பின்வாங்குவதில்லை. ‘டீ கப்’ என்ற பெயரில் விற்கப்படுபவை தனி இனமே அல்ல. நோஞ்சானாகப் பிறந்த குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தோ, போதிய வயதாகும் முன்பே விற்றோ அந்த அளவை அடைகிறார்கள். சில மணி நேரம் உண்ணாவிட்டாலே அவற்றின் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அவற்றை எந்த விலையிலும் வாங்காதீர்கள்.

முடி உதிராத நாயைத் தாய் விரும்புவது வீட்டுச் சுத்தத்துக்காக என்றால் பூடில், பீஷோன் வகைகள் உதவும். ஒவ்வாமைக்காக என்றால் அவற்றை நம்ப வேண்டாம். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதில்களிலும் சிறுநீரிலும் இருக்கிறது. முடி அதைச் சுமந்து பரப்பும் வாகனம் மட்டுமே. 2011இல் அமெரிக்காவில் வீட்டுத் தூசியை அளந்து செய்யப்பட்ட ஆய்வில், ஒவ்வாமை தராத இனங்கள் எனப்படுபவை இருந்த வீடுகளுக்கும் மற்ற நாய்கள் இருந்த வீடுகளுக்கும் அந்தப் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் யாருக்கேனும் மூச்சிரைப்பு இருந்தால், தேர்ந்தெடுத்த அதே நாயோடு பல நாட்கள், பல மணி நேரம் பழகிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வளர்ந்த நாயை நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். இரண்டு வயது நாயிடம் ஊகத்துக்கு இடமில்லை: எவ்வளவு எடை, எவ்வளவு குரைக்கும், தனியாக இருக்குமா, குழந்தைகளைக் கண்டால் என்ன செய்யும் என்பவை எல்லாம் ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கும். வீட்டில் கழிக்காத பழக்கம் இருக்கும், இல்லாவிட்டாலும் சில வாரங்களில் வந்துவிடும். மிக முக்கியமாக, அது தன் பதின்ம வயதைத் தாண்டியிருக்கும். நாய்களுக்கும் பதின்ம வயது உண்டு. சிறு இனங்களில் ஏறத்தாழ ஆறு மாதத்தில் தொடங்கி ஓராண்டைக் கடந்தும் நீளும். வழிகாட்டி நாய்களாகப் பயிற்சி பெற்றவற்றைக் கொண்டு பிரிட்டனில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு மனத்தைத் தொடுவது. ஐந்து மாதத்தில் சொன்னதும் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் தம்மை வளர்ப்பவர் சொன்னால் தயங்கின. அந்நியர் சொன்னபோது அப்படித் தயங்கவில்லை. பெற்றோரான உங்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சியாக இருக்கலாம். பதினான்கு வயது மகளுக்கு, எட்டு மாதத்தில் தன்னை மட்டும் மதிக்காத குட்டி ‘என்னை வெறுக்கிறது’ என்ற எண்ணத்தைத் தரும். அது கடந்துபோகும் பருவம் என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் தாக்குப்பிடிப்பாள். சொல்லாமல் விட்டால் மனம் விலகும். பெரும்பாலான குடும்பங்களில் ஆர்வம் குன்றுவது இந்த மாதங்களில்தான் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

குட்டியே என்று முடிவு செய்தால், எட்டு வாரம் நிறைவதற்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை ஏற்காதீர்கள். தாய் நாயை, அது குட்டிகளோடு இருக்கும் இடத்திலேயே பாருங்கள். காட்ட மறுப்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். தாய் உங்களைக் கண்டு ஒளிந்தால், அந்த அச்சத்தின் ஒரு பங்கு குட்டிகளிடமும் இருக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை குட்டியின் மூளை உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அந்தக் காலத்தில் அது கண்ட மனிதர்கள், கேட்ட ஒலிகள், மிதித்த தரைகள் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் இயல்பாக ஏற்கும். தடுப்பூசி வரிசை பதினாறு வாரம் வரை நீள்வதால், அதுவரை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கும் தவறு பலர் செய்வது. தடுப்பூசி போடாத நாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு தெருவையும் கூட்டத்தையும் காட்டுவதில் தடையில்லை. உங்கள் மகளுக்கு முதல் மாதத்தில் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த வேலை இதுதான்.

அவளுக்கு எந்த வேலையைக் கொடுப்பது, எதை நீங்கள் வைத்துக்கொள்வது என்பதிலும் தெளிவு வேண்டும். மாலை நடை, சீவுதல், பல் துலக்குதல், நாளுக்கு மூன்று முறை ஐந்தைந்து நிமிடப் பயிற்சி ஆகியவை அவளுடையவையாக இருக்கட்டும். சிறு நாய்களின் தாடையில் பற்கள் நெருங்கி இருப்பதால் ஈறு நோய் விரைவில் வரும், ஆகவே பல் துலக்குவதைப் பெயருக்குச் செய்யும் வேலையாக எண்ண வேண்டாம். உணவின் அளவு, தடுப்பூசி, மருத்துவரிடம் செல்வது ஆகியவற்றை நீங்கள் கவனியுங்கள். ஐந்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாயின் ஒரு நாள் தேவை 350 கலோரி அளவில்தான் இருக்கும், அன்பு மிகுந்து வீட்டில் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தாலே அதில் கால் பங்கு தீர்ந்துவிடும். மகளின் அறையை ஒருமுறை சேர்ந்தே சோதியுங்கள். சாக்லேட், திராட்சை, வலி நிவாரணி மாத்திரைகள், குறிப்பாகச் சைலிட்டால் சேர்த்த சர்க்கரையற்ற சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. இருபது கிலோ நாய்க்கு வயிற்றுப்போக்கோடு போகும் அளவு மூன்று கிலோ நாயைக் கொன்றுவிடும். பள்ளிப் பையைத் தரையில் போடும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள இந்த ஒரு காரணம் போதும்.

நாயைக் கொண்டுவரும் முன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். நாய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, மகள் அன்றாடம் காலையில் இருபது நிமிடம், மாலையில் முப்பது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வரட்டும். மழையிலும், தேர்வுக்கு முந்தைய நாளிலும், தோழியின் பிறந்தநாளன்றும் நடக்கட்டும். மாலை நடையை மட்டும் தவறாமல் செய்து, காலையில் எழ முடியாமல் திணறினாள் என்றால் அவளைக் குறை சொல்லாதீர்கள், காலை நடை உங்களில் ஒருவருடையது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாதி நாட்கள் இரண்டுமே தவறின என்றால், இன்னும் ஓராண்டு பொறுப்பது நாய்க்கு நல்லது. அந்த ஓராண்டில் காப்பகத்தில் வாரம் ஒருநாள் உதவச் சொன்னால் அவள் இழப்பது எதுவுமில்லை.

ஒத்திகை நன்றாக முடிந்தால், நாயைப் பார்க்கப் போகும் முதல் நாள் வெறுங்கையோடு திரும்புவது என்ற முடிவோடு மூவரும் போங்கள். மகளைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். அவள் கையை நீட்ட வேண்டாம், கூப்பிட வேண்டாம், நேராகக் கண்ணைப் பார்க்கவும் வேண்டாம். தளர்ந்த உடலோடு, வளைந்து வளைந்து தானாக வந்து முகர்ந்து பார்க்கும் நாயும், விரலால் ஓர் ஒலி எழுப்பினால் திடுக்கிட்டுப் பிறகு அருகில் வந்து ஆராயும் நாயும் உங்கள் வீட்டுக்கு ஏற்றவை. மூலையிலேயே ஒடுங்கும் நாய்மீது அவளுக்கு இரக்கம் பொங்கும். அதற்கு அனுபவமுள்ள கைகள் வேண்டும் என்பதை மென்மையாகச் சொல்லுங்கள். சில நாட்கள் கழித்து, வேறொரு நேரத்தில், மறுபடி போங்கள். அன்றும் அதே நாய் அவளைத் தேடி வந்து அவள் காலருகே படுத்துக்கொண்டால், இனத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் சரி, மார்புப்பட்டையை எடுத்துப் பூட்டி வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.